ஹாரன் அடிச்சேன்

அண்ணாச்சி, அந்தப் பைய மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நானும் ஓரமா உக்காந்துக்கிடுவேன். போதும் போதும். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க.

கையில என்ன, காலேஜ் கடுதாசியா? படிக்கல, கண்ணுல பட்டுச்சு. மகள கவுன்சிலர்ட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்காவளா? அப்பம் சரியான ஆளு பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. நான் எறங்குத செவக்காட்டு வெலக்கு வர இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. நான் பட்டதச் சொல்லுதேன், கேட்டுட்டு ஒரு முடிவுக்கு வாங்க.

மொதல்ல, கவுன்சிலர்னா யாருன்னு தெரியுமா? எனக்குத் தெரியாது. எம்பொண்டாட்டி சண்முகவடிவு ஒருநா காப்பியக் குடுத்துக்கிட்டே, "ஒரு கவுன்சிலரப் பாத்துட்டு வருவமா?"ன்னா. எங்க தெருவுல சாக்கடை அடச்சுக் கெடந்தது. சரி, அதுக்குத்தான் சொல்லுதான்னு நானும் வார்டு பேரு, தெருப் பேரெல்லாம் போட்டு மனு எழுதி ரெடியா வச்சிட்டேன். சிரிக்காதீங்க. மறுநா காலையில எங்க ஆபீஸ் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அதே வார்த்தையச் சொல்லுதாரு. இவரு சொல்லுததுக்கு முந்துன நாளே அவளுக்கு எப்பிடித் தெரியும்? அங்கதான் எனக்கு மொதல் பொறி தட்டுச்சு.

எம்பேரு ஆவுடையப்பன். ரயில் டிரைவர். இப்பம் லோகோ பைலட்டுங்காவ, பேருதான் பெருசாயிருக்கு. இருவத்தாறு வருச சர்வீஸ். இந்த இருவத்தாறு வருசத்துல என் வண்டியில அடிபட்டுப் போனது ஏழு பேரு. ஆடு மாடு கணக்குல இல்ல. ரயிலு நெனச்ச எடத்துல நிக்காது அண்ணாச்சி, பிரேக் போட்டா முக்கா கிலோமீட்டர் இழுத்துட்டுப் போயித்தான் நிக்கும். வண்டி நின்னதும் எறங்கிப் பாக்கணும், தகவல் சொல்லணும், எழுதிக் குடுக்கணும், பெறவு ஏறி உக்காந்து வண்டிய எடுக்கணும். அம்புட்டுதான். ஏழு பேரும் தானா வந்தவங்க. ஒரு மூஞ்சியும் எனக்கு ஞாபகம் கெடையாது. ஞாபகம் வச்சா இந்தப் பொழப்பு பொழைக்க முடியுமா? மணியாச்சி தாண்டி ஒருத்தரு, பச்சைக் கட்டம் போட்ட சாரம், இடது கையில ஸ்டீல் வாட்சு. கடம்பூர் பக்கம் ஒரு வாலிபன், காதுல வயர மாட்டிக்கிட்டுத் தலைய ஆட்டிக்கிட்டே வந்தான், ஒரு கால்லதான் செருப்பு மாட்டியிருந்தான், இன்னொண்ணு வாரு அந்து கையில இருந்துச்சு. அப்பிடி ஒண்ணொண்ணா வச்சுக்கிட்டிருந்தா ஆகுமா? நான் வச்சுக்கிடல.

எட்டாவது, போன ஆவணியில. காலையில பத்து நாப்பது. இப்பம் நாம போறமே இந்த ரோட்டுக்கு மேக்க, செவக்காடு தாண்டுன ஒடனே. ஒரு பொம்பள. அவளும் தானா வந்து நின்னவதான். நான் ஹாரன் அடிச்சேன். நீளமா அடிச்சேன். பக்கத்துல அசிஸ்டெண்டு மகராஜன் இருந்தான், யாரு வேணும்னாலும் அவன்ட்ட கேட்டுக்கிடலாம். எஞ்சின்ல ஒரு பெட்டி இருக்கு, ஹாரனு, பிரேக்கு எல்லாத்தையும் அது பதிஞ்சு வச்சுக்கிடும். பதினோரு செகண்டு ஹாரன்னு அதுல இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாவ. சொன்னாவ. என் கண்ணுல காட்டல. நம்ம ஆளு, காப்பாத்தி விடுவோம்னு சொன்னாவளோ என்னமோ, யாரு கண்டா? போலீஸ்ல கேட்டதுக்கு, "வண்டியப் பாத்துக்கிட்டே வந்து லைன்ல நின்னுட்டாங்க"ன்னு எழுதிக் குடுத்தேன். மூணு நாள் லீவு. நாலாம் நாள் வண்டி ஏறிட்டேன்.

மூணு வாரம் ஒரு கொறையும் இல்ல. பெறவு ஒருநா, நல்ல வெளிச்சம், முன்னால லைன்ல ஒரு பொம்பள நிக்கா. போட்டேன் எமர்ஜென்சி பிரேக்க. வண்டி உதறிக்கிட்டு நின்னது. மகராஜன் எறங்கிப் போயிப் பாத்துட்டு வந்து, "அண்ணே, யாருமில்லண்ணே"ங்கான். "தாண்டிப் போயிருப்பாடே"ன்னேன். அடுத்த வாரம் வேற ஒரு எடம். அன்னைக்கும் எறங்கிப் பாத்துட்டு வந்து யாருமில்லங்கான். நல்ல பையன்தான், ஆனா ரெண்டு தடவயும் அவனுக்கு மட்டும் ஏன் தெரியல? கண்ணு டெஸ்ட்டுக்கு அவன அனுப்பணும். என்னையக் கவுன்சிலர்ட்ட அனுப்புனாவ.

வார்டு கவுன்சிலர் இல்ல, மனசுல கெடக்கதப் பேச வைக்குத கவுன்சிலரு. அந்தம்மா பேரு ஜெனிட்டா. பாளையங்கோட்டையில ஒரு மருந்துக்கடைக்கு மேல மாடியில ரூமு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். உள்ள போனதும் நான் கவனிச்சது என்ன தெரியுமா, மேஜை கெடையாது. மேஜை இல்லாத ஆபீச நீங்க பாத்திருக்கீங்களா? நமக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல, நம்ம காலு ஆடுதது வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியும். கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால. அந்தம்மா மட்டும் பாக்கலாம், நான் பாக்க முடியாது. பக்கத்துல ஒரு டப்பாவுல பேப்பர்த் துண்டு, அழுகுததுக்குன்னே வாங்கி வச்சது. நான் அதத் தொடவே கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

"நீங்க இங்க பேசுறது இந்த ரூமத் தாண்டிப் போகாது சார்"ன்னா. "உங்களுக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்து வரும்னா மட்டும்தான் நான் வெளிய பேசுவேன். உங்க ஆபீசுக்கு நான் எழுதுறது ஒரே ஒரு வரி. வண்டி ஓட்டலாம், இல்ல இப்ப வேண்டாம். அவ்வளவுதான்."

ஒரே ஒரு வரி! எம்பொழப்பே அந்த ஒரு வரியிலதான் இருக்கு, அத எவ்வளவு லேசா சொல்லுதா பாருங்க.

"தூக்கம் எப்படி?"ன்னா. நல்லாத் தூங்குதேன்னேன். "சாப்பாடு?" நல்லாச் சாப்புடுதேன். "வீட்ல?" வீட்ல நல்லாருக்காவ. இப்பிடியே ஒரு மணி நேரம். அந்தம்மா கோவப்படவே இல்ல. கோவப்படாத ஆள நம்பவே கூடாது அண்ணாச்சி. என்னமோ ஒண்ண மனசுல வச்சுக்கிட்டுத்தான் பொறுமையா இருப்பாவ.

ரெண்டாவது வாரம் நான் ஒரு பொறி வச்சேன். ரூமத் தாண்டிப் போகாதுன்னு சொன்னா இல்லியா, போகுதா போகலியான்னு பாத்துருவோம்னு. குரல எறக்கி, "அம்மா, யார்ட்டயும் சொல்லாதீங்க. நான் வேலைய விட்டுட்டு சங்கரன்கோயில் ரோட்டுல பரோட்டாக் கடை போடப்போறேன்"ன்னேன். முழுப் பொய். எனக்குப் பரோட்டா திருப்பிப் போடக்கூடத் தெரியாது. இந்தப் பேச்சு எம்பொண்டாட்டி வாயிலயோ இன்ஸ்பெக்டர் வாயிலயோ வந்துச்சுன்னா ஆளு மாட்டுனா.

ஒரு வாரம் காத்திருந்தேன். வீட்ல ஒரு பேச்சும் இல்ல. நானே, "சங்கரன்கோயில் ரோட்டுல இப்பம் கடைக்கு எடமெல்லாம் எப்பிடி?"ன்னு சண்முகவடிவுட்ட சாடையாக் கேட்டுப் பாத்தேன். "எனக்கென்ன தெரியும்"னுட்டு அரிசி களையப் போயிட்டா. இன்ஸ்பெக்டர்ட்ட, "சார், பரோட்டா சாப்புடுவீங்களா?"ன்னேன். மனுசன் என்னைய ஏற எறங்கப் பாத்தாரே தவிர ஒண்ணும் பேசல. எம்புட்டு உசாரா இருக்காவ பாத்தீங்களா? எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு வாயத் தெறக்காம இருக்காவ.

மூணாவது வாரம் ஜெனிட்டாவே ஆரம்பிச்சா. "கடைக்கு எடம் பாத்தாச்சா சார்?" பொய்யத் தொடங்கியாச்சு, விட முடியாதுல்லா. பாத்தாச்சுன்னேன். "எப்படிப்பட்ட எடம்?" தண்டவாளத்துல இருந்து தள்ளி, வண்டிச் சத்தமே கேக்காத எடம்னேன். வாசல்ல ஒரு வேப்பமரம். கல்லாவுல நான். வாரவங்கள மூஞ்சியப் பாத்து, என்ன வேணும், சால்னா ஊத்தவா, போதுமான்னு கேப்பேன். நின்னு கேப்பேன், ஒரு அவசரமும் இல்ல. பொய்யி, ஆனா சொல்லச் சொல்ல அந்தக் கடை எனக்கே புடிச்சுப் போச்சுன்னு வச்சுக்கிடுங்களேன். நாலு வாரம் நாங்க அந்தக் கடையப் பத்தித்தான் பேசுனோம். நான் ஏமாத்துதேன்னு தெரியாம அந்தம்மாவும் மெனக்கெட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா.

ஆறாவது வாரம்னு நெனைக்கேன். "கடைக்கு யாரெல்லாம் வருவாங்க?"ன்னா. சும்மா சொல்லிக்கிட்டே போனேன். லாரிக்காரங்க வருவாவ. பச்சைக் கட்டம் சாரம் கட்டுன ஒருத்தரு வருவாரு, அவரு டைம் பாத்துக்கிட்டே சாப்புடுவாரு. காதுல வயர மாட்டிக்கிட்டு ஒரு பையன் வருவான், அவன்ட்ட ரெண்டு தடவ சத்தமாக் கேக்கணும். பெறவு புல்லுக்கட்டோட ஒரு அம்மா வருவாவன்னேன்.

"அந்தம்மாவுக்கு என்ன குடுப்பீங்க?"

"குடுக்கது கெடக்கட்டும். மொதல்ல ஒண்ணு கேக்கணும். நான் அடிச்ச ஹாரன் கேட்டுச்சா, கேக்கலியா?"

சொல்லிட்டேன். சொன்ன பெறவுதான் எனக்கே உறைக்கு. சாக வந்தவள்ட்ட போயி ஹாரன் கேட்டுச்சான்னு எவனாவது கேப்பானா? சாக வந்தவளுக்குக் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? ஜெனிட்டா இதக் கேட்டு என்னைய மடக்கியிருந்தாக்கூட நான் ஏதாவது சமாளிச்சிருப்பேன். அவ கேக்கல. சும்மா பாத்துக்கிட்டு இருந்தா. முதுகுக்குப் பின்னால கடிகாரம் ஓடுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பேப்பர்த் துண்ட எடுத்தேன். ஒண்ணு ரெண்டு இல்ல, பாதி டப்பா.

பொறுமையா இருந்து ஆளச் சாச்சுட்டா பாத்தீங்களா? இதத்தான் சொல்லுதேன்.

கெளம்பும்போது, "அவங்க வீட்டுக்குப் போகச் சொல்லுதீங்களா?"ன்னு கேட்டேன். "நான் போகவும் சொல்லல, போக வேண்டாம்னும் சொல்லல சார். போனா என்ன நடக்கும்னு நெனைக்கீங்க?" நேரா ஒரு பதில் கெடையாது. கேட்டா கேள்வியத் திருப்பிக் குடுக்கது. "போறதுன்னா, நீங்க போறது அவங்களுக்கும் கஷ்டமா இருக்கும்ங்கிறத யோசிச்சுக்கிடுங்க. கதவச் சாத்துனா திரும்பி வந்துருங்க"ன்னு மட்டும் சொன்னா.

போனேன். இதே பஸ்ஸு. அந்தப் பொம்பள பேரு பொன்னுத்தாயி. ஊரு செவக்காடுன்னு போலீஸ் பேப்பர்ல பாத்தது மறக்கல. வீட்டுல அவ மக முத்துக்கனி மட்டும் இருந்தா. வாசல்ல பருத்தி பிரிச்சுக்கிட்டு இருந்தா. நான், எடம் வாங்கப் பாக்க வந்தேன்னு ஒரு பொய்யச் சொன்னேன். தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சுட்டு, என்ன பேசன்னு தெரியாம, "உங்கம்மாவுக்குக் காது கேக்குமா?"ன்னுட்டேன்.

செம்ப வாங்க நீட்டுன கை அப்பிடியே நின்னுட்டு.

"நீங்க அந்த டிரைவரா?"

ஆமான்னேன். ஏசுவா, மண்ண வாரித் தூத்துவான்னு நெனச்சேன். "உக்காருங்க"ன்னா. எனக்குச் சந்தேகமாப் போச்சு. எதுக்கு உக்காரச் சொல்லுதா? உள்ள யாரும் ஆளு இருக்கா? வாசல்ல கெடந்த கல்லுல, எந்திரிச்சு ஓடத் தோதா உக்காந்தேன்.

"காது நல்லாக் கேக்கும்"னா. "அன்னைக்கு ஹாரன் சத்தம் எனக்கே இங்க கேட்டுச்சு. நீளமாக் கேட்டுச்சு. எதுக்க இன்னொரு வண்டியும் போச்சுல்லா." பெறவு என் மூஞ்சியப் பாத்து, "எங்கம்மா எப்பிடி நின்னா? பாத்தது நீங்க மட்டுந்தான. போலீஸ்ல தற்கொலைன்னு எழுதிட்டாவ. அன்னைக்குக் காலையில எங்கய்யா அவள ஏசிட்டாரு. சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போகணும்னு அவ நின்னா, 'எங்கயாவது போயித் தொலை'ன்னுட்டாரு. புல்லறுக்கப் போனவ திரும்பி வரல. அன்னைக்கி இருந்து அவரு வாயத் தெறந்து பேசல. நீங்க சொல்லுங்க, அவ எப்பிடி நின்னா?"

அண்ணாச்சி, நான் எழுதிக் குடுத்ததையே ஒப்பிச்சிருக்கலாம். வண்டியப் பாத்துக்கிட்டே வந்து நின்னான்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சிருக்கலாம். மகராஜன் அந்த நேரம் அந்தப் பக்கத்து ஜன்னல்ல எதிர்வண்டிக்குக் கை காட்டிக்கிட்டு இருந்தான். பாத்தது நான் மட்டும்தான்.

அவ எங்க வண்டியப் பாக்கவே இல்ல. அங்க ரெட்டை லைனு. எதிர் லைன்ல எக்ஸ்பிரஸ் போயிக்கிட்டு இருந்துச்சு. அது தாண்டட்டும்னு இவ எங்க லைன்ல நின்னா, எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. தலையில புல்லுக்கட்டு. ஒரு கையால கட்டப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய நெத்தியில வச்சு, வெயில மறைச்சுக்கிட்டு அந்த வண்டியில போறவங்கள ஒவ்வொரு பெட்டியாப் பாத்துக்கிட்டு நின்னா. எங்க ஹாரன அந்த வண்டி ஹாரன்னு நெனச்சிருப்பா. சாக நின்னவ இல்ல. ரயிலு பாத்துக்கிட்டு நின்னவ.

அத அப்பவே சொல்லியிருந்தா, அப்பம் ஹாரன் சரியா அடிச்சியாடான்னு என்னையக் கேப்பாவ. தானா வந்து நின்னான்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. அதான் அப்பிடி எழுதுனேன். அவ வீட்ல ஒரு ஆளு அத நெஞ்சுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாருன்னு நான் யோசிக்கல.

அம்புட்டையும் முத்துக்கனிட்ட சொன்னேன். அவ வாயப் பொத்திக்கிட்டா. பெறவு நெத்தியில கைய வச்சுக் காட்டி, "இப்பிடியா?"ன்னா. ஆமா, அப்பிடித்தான்னேன். "அவ எப்பவும் அப்பிடித்தான் பாப்பா. ஜன்னல்ல பிள்ளைங்க இருந்தா கையசைப்பா"ன்னு சொல்லிட்டு அழுதா. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. உக்காந்திருந்தேன். ஓடத் தோதா உக்காந்தவன் ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

மறுநா ஆபீசுக்கும் போலீசுக்கும் உண்மைய எழுதிக் குடுத்தேன். ஜெனிட்டாட்டதான் பேப்பர் வாங்குனேன். இவ்வளவு நாள் கழிச்சு ஏன் சொல்லுதீருன்னு ஒரு மெமோ வந்துச்சு, பதில் எழுதிப் போட்டேன். அந்தம்மா அந்த ஒரு வரியையும் எழுதிட்டா. என் கையில குடுத்து, "நீங்க படிச்ச பெறவுதான் அனுப்புவேன்"ன்னா. 'இப்போது வண்டி ஓட்ட வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.' நான் அப்பவே சொன்னேன்ல, வேலைக்கு உலை வைக்கத்தான் வந்திருக்கான்னு! இப்பம் ஸ்டேசன் ஆபீஸ்ல டூட்டி. டிரைவர்மாரு டூட்டி ஏற முன்னால, குடிச்சிருக்காவளான்னு ஊதச் சொல்லி சோதனை பண்ணுதது. வாய ஊதும்போது நான் கண்ணையும் பாத்துக்கிடுவேன். லைன்ல ஆள அடிச்சுட்டு வந்தவன எனக்குப் பாத்த ஒடனே தெரியும். அவன உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து, "பாளையங்கோட்டையில ஒரு அம்மா இருக்கா, ரொம்ப சூதானமா இருக்கணும், வாயக் கெளறிருவா. செவ்வாக்கெழம காலையில போனா கூட்டம் இருக்காது"ன்னு எச்சரிச்சுத்தான் அனுப்புவேன். போன மாசம் நாலு பேரு போனாவ. நானும் செவ்வாக்கெழம தவறாமப் போறேன். விட்டுட்டா பின்னால என்ன பேசுவாளோ, யாருக்குத் தெரியும்?

இப்பம் போறது அந்த வெள்ளச்சாமியப் பாக்க. பொன்னுத்தாயி வீட்டுக்காரரு. மக நான் சொன்னத அவருட்ட சொல்லியிருக்கா. மனுசன் ஒண்ணும் பேசலியாம். "நீங்களே ஒருக்க வந்து சொல்லுங்க. பாத்தவங்க வாயால கேக்கட்டும்"னா. போயி எல்லாம் சொன்னேன். அவரு தலைய ஆட்டுனாரு. அதுக்குப் பெறவு மூணு வெள்ளி போயிட்டேன். அவரு கட்டில்ல உக்காந்திருப்பாரு, நான் கல்லுல. தூரத்துல வண்டி வரும், போகும். ரெண்டு பேரும் பாப்போம். அவரும் பேச மாட்டாரு, நானும் பேச மாட்டேன். சண்முகவடிவு ரெண்டு பேருக்குன்னு சோறு கட்டிக் குடுக்கா. நான் எங்க போறேன்னு அவள்ட்ட சொன்னதே இல்ல. எப்பிடித் தெரிஞ்சுக்கிடுதா இவ?

போன வெள்ளி நான் எந்திரிச்சு செருப்ப மாட்டுதேன். பின்னாலருந்து ஒரு குரலு. முத்துக்கனி அடுப்படியில இருந்து ஓடியாந்து நின்னுட்டா. ஏழு மாசம் கழிச்சு மனுசன் வாயத் தெறக்காரு.

"அடுத்த வெள்ளி வருவீரா?"

அம்புட்டுதான். வேற ஒரு வார்த்தை இல்ல.

நானும் ஒரு வாரமா யோசிக்கேன் அண்ணாச்சி. இதுல என்ன உள்குத்து இருக்கும்? வரணும்னு சொல்லுதாரா, வராதன்னு சொல்லுதாரா? நீங்க படிச்சவுக மாதிரி இருக்கீங்க. வருவீரான்னு ஒரு மனுசன் கேட்டா, வருவீரான்னுதான அர்த்தம்? வேற ஒண்ணும் இருக்காதுல்லா?

கண்டக்டரே, வெலக்கு ஒண்ணு எறங்கணும். நிப்பாட்டுங்க.